கைகோத்துப் படம் எடுத்த பிறகு

மத நல்லிணக்க விழாவுக்கு நம் ஊர்களில் குறை ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு ஒன்று, இப்தாருக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று நடக்கிறது. மடத்துச் சாமி ஒருவர், இமாம் ஒருவர், பங்குத்தந்தை ஒருவர் என்று மூவரும் எம்.எல்.ஏ.வை நடுவில் நிறுத்திக் கைகோத்து நிற்பார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வரும். அதற்கடுத்த நாள் ஊரில் ஏதாவது நடந்தால் மூவரும் ஒருவருக்கொருவர் போன் செய்ய வழியில்லை. நம்பர் வாங்கியிருக்கவே மாட்டார்கள். அந்தப் படத்துக்குப் பிறகு என்ன செய்யலாம் என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஆபத்தில் சேர்ந்துகொள்வது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடம் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தபோது பரங்கிப்பேட்டை ஜமாஅத் அக்கம்பக்கத்து மீனவ கிராமங்களுக்குச் சமைத்துப் போட்டது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கல்யாண மண்டபங்களும் கதவைத் திறந்துவிட்டன. தண்ணீர் வடிந்ததும் முஸ்லிம் இளைஞர்கள் கோயில்களில் சேறு அள்ளினார்கள். கொரோனா காலத்தில் சொந்தப் பிள்ளைகளே தொடப் பயந்த உடல்களை, செத்தவரின் சமயத்து முறைப்படியே எரித்தும் புதைத்தும் கொடுத்தவர்களில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத் (தமுமுக) தொண்டர்களும் இருந்தார்கள். இதற்கெல்லாம் யாரும் கமிட்டி போட்டுத் தீர்மானம் எழுதவில்லை.

சிக்கல் அதன் பிறகுதான். நிவாரண லாரி திரும்பிப் போனதும் அவரவர் தெருவுக்கு அவரவர் போய்விடுகிறோம். ஆகவே உங்கள் ஊரில் பல சமயத்தாரைக் கொண்ட ஒரு குழு வேண்டுமென்று நினைத்தால், முதலில் வேலையைத் தேடுங்கள். ஆண்டுதோறும் வரக்கூடிய, ஒரு தெருக்காரர் மட்டும் செய்து முடிக்க முடியாத வேலையாக அது இருக்கட்டும். வேலை இல்லாத குழு ஆறே மாதத்தில் டீ குடிக்கும் குழுவாகிவிடும். வேலை உள்ள குழுவுக்குச் சமயத்தைப் பற்றிப் பேச நேரம் கிடைப்பதில்லை. அதுவே அதன் பலம் என்பது என் எண்ணம்.

யாரைச் சேர்ப்பது

தலைவர்களிடம் அனுமதி வாங்குங்கள், வேலையைத் தொண்டர்களிடம் கொடுங்கள். ஜமாஅத் தலைவர், முத்தவல்லி, பங்குத்தந்தை, சி.எஸ்.ஐ. சேகரகுரு, கோயில் தக்கார் அல்லது அறங்காவலர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே போய்ப் பாருங்கள். அவர்கள் தலையசைக்காமல் எதுவும் நகராது. ஆனால் அவர்களையே குழுவின் தூணாக வைத்துவிடாதீர்கள். பங்குத்தந்தை சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார். இமாம் வேறு ஊருக்குப் போவார். அறநிலையத்துறைச் செயல் அலுவலருக்கு எப்போது மாற்றல் வரும் என்று அவருக்கே தெரியாது. மூவரும் ஒரே வருடத்தில் மாறிவிட்டால் குழுவும் அத்தோடு முடிந்தது. ஊரிலேயே பிறந்து ஊரிலேயே இருக்கப் போகிறவர்கள் வேண்டும்: கோயில் பாத்திர அறைச் சாவி வைத்திருப்பவர், பள்ளிவாசல் மோதினார், மாதாகோவில் கோயில்பிள்ளை, கந்தூரிக்குச் சமைக்கும் மாஸ்டர், மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு எழுதும் அக்கா, டிராக்டர் வைத்திருக்கும் தம்பி.

இரண்டு கூட்டத்தாரை எல்லாக் குழுக்களும் மறந்துவிடுகின்றன. முதலாவது, ஓலைக்கொட்டகையிலோ மாடி அறையிலோ ஜெபம் நடத்தும் சின்னப் பெந்தெகொஸ்தே சபைகள். பெரிய சபைக்காரர்களுக்கே அவர்களைக் கண்டால் ஆகாது. இரண்டாவது, காலனி. மூன்று சமயத்திலும் உயர்ந்த தெருக்காரர்கள் மட்டும் உட்கார்ந்து சமயம் கடந்த ஒற்றுமை பேசுவது எத்தனையோ ஊர்களில் நடக்கிறது. காலனியம்மன் கோயில் ஆட்கள் நாற்காலியில் உட்காராத கூட்டத்துக்கு நல்லிணக்கக் கூட்டம் என்று பேர் வைக்க வேண்டாம். அவர்கள் வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று யாராவது சொன்னால், வராமல் போகட்டும். இந்த ஒரு இடத்தில் சமரசம் செய்து பெற்ற ஒற்றுமை எதற்கும் உதவாது.

பெண்கள் பாதிக்குப் பாதி இருக்க வேண்டும். கூட்டத்துக்கு வந்து போகும் நேரத்தை அவர்களைக் கேட்டு முடிவு செய்தால் தானாக வருவார்கள்.

முதல் கூட்டம்

இடம்: ஊராட்சிக் கட்டடம், பள்ளிக்கூடம், நூலகம், ஆலமரத்தடி. எந்த வழிபாட்டுத் தலத்தின் வளாகமும் வேண்டாம். இரண்டு வருடம் கழித்து முறைபோட்டுச் சுற்றி வரலாம். நேரம்: வெள்ளி மதியம் ஜும்ஆ, ஞாயிறு காலை திருப்பலியும் ஆராதனையும், பிரதோஷ மாலை. இவை போக மிஞ்சுவதில் ஞாயிறு மாலை அஸர் தொழுகைக்குப் பிந்திய ஒரு மணி நேரம் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒத்துவரும். ரமலானிலும் மார்கழியிலும் தவக்காலத்திலும் புது வேலை எதையும் தொடங்காதீர்கள்.

சாப்பாட்டில் முன்யோசனை வேண்டும். சாமிக்குப் படைத்ததை முஸ்லிம்களில் சிலரும் பெந்தெகொஸ்தே சபையாரும் சாப்பிட மாட்டார்கள். இறைச்சி என்றால் ஹலால் கேள்வி வரும், புரட்டாசி என்றால் அந்தப் பேச்சே கிடையாது. எங்கும் படைக்காத, பொது இடத்தில் சமைத்த எலுமிச்சைச் சாதமும் துவையலும் எல்லார் வயிற்றிலும் பிரச்சினையில்லாமல் இறங்கும். சுண்டலும் டீயும் இன்னும் உத்தமம்.

கூட்டுப் பிரார்த்தனை தேவையா என்ற கேள்வி எழும். முதல் ஆண்டில் வேண்டாம் என்பேன். 1986 அக்டோபர் 27 அன்று இத்தாலியின் அசிசி நகரில், போப் இரண்டாம் ஜான் பால் அழைப்பில், உலகச் சமயத் தலைவர்கள் அமைதிக்காகக் கூடினார்கள். அங்கேயே ஒவ்வொரு சமயத்தாரும் தனித்தனி இடங்களில் அவரவர் முறைப்படி வேண்டிக்கொண்ட பிறகுதான் ஒன்றாக வந்தார்கள். உலகத் தலைவர்களே அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்த விஷயத்தில் நம் ஊர்க் கமிட்டி அவசரப்பட வேண்டியதில்லை. தொடங்கும்போது ஒரு நிமிட மௌனம் போதும். அந்த நிமிடத்தில் யார் யாரிடம் வேண்டினார்கள் என்பது அவரவர் சொந்த விஷயம்.

கண்மாய், பனை, டம்ளர்

சுற்றுச்சூழல் வேலையில் தொடங்குவதே எளிது. கண்மாயில் தண்ணீர் நின்றால் எல்லார் கிணறும் ஊறும்.

இறங்குவதற்கு முன் அந்த நீர்நிலை யாருடையது என்று பாருங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் பொதுவாக நீர்வளத்துறையினுடையது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தினுடையது. தெப்பக்குளம் என்றால் கோயிலையும் அறநிலையத்துறையையும் கேட்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் போய்ச் சர்வே எண்ணைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் வண்டல் அள்ள இப்போது வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. சீமைக்கருவேலத்தை அனுமதியின்றி வெட்டாதீர்கள். அந்த மரத்தை விற்ற பணம் யாருக்கு என்ற சண்டையில் உடைந்த குழுக்கள் உண்டு. ஆட்களைத் திரட்டிக் கையால் செய்யக்கூடியது வரத்துக் கால்வாய். அதில் அடைந்திருக்கும் குப்பையையும் புதரையும் ஆடி, ஆவணியில் எடுத்துவிட்டால் ஐப்பசி மழை தடையின்றி வந்து சேரும். மண்வெட்டி பிடிக்க முடியாதவர்கள் மோர் ஊற்றட்டும்.

மரம் நடுவதானால் பனை விதைப்பைச் சொல்வேன். நட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றும் பிரச்சினை இதில் இல்லை. மற்றக் கன்றுகளை நடும் விழாக்களில் பத்தில் எட்டு கோடையில் காய்ந்துவிடுவது நமக்குத் தெரிந்ததுதான். ஆவணி, புரட்டாசியில் பழுத்து விழுந்த பனம்பழங்களைப் பொறுக்கிக் கொட்டையை எடுங்கள். கனமாக இருப்பதை வைத்துக்கொண்டு, இலேசானதைத் தள்ளுங்கள். கரையின் வெளிச்சரிவில் பத்தடிக்கு ஒன்றாக, ஓரடி ஆழத்தில் போட்டு மூடிவிட்டு வந்துவிடலாம். முளை முதலில் மண்ணுக்குள் இறங்கும். கிழங்காகிக் குருத்து வெளியே வர மாதக்கணக்காகும். ஒன்றும் முளைக்கவில்லையே என்று தோண்டிப் பார்க்கிற பிள்ளைகளை மட்டும் தடுத்துவையுங்கள். கிழங்கைச் சுட்டுத் தின்றுவிடுவார்கள். காய்க்கப் பத்து, பதினைந்து வருடம் ஆகும். விதைக்கிற பெரியவர்கள் பலர் அந்த நுங்கைச் சாப்பிடப் போவதில்லை, இருந்தும் வருகிறார்கள். தென்மாவட்டங்களில் கார்த்திகைச் சொக்கப்பனைக்கும் பனை வேண்டும், குருத்தோலை ஞாயிறுக்கும் பனை வேண்டும். கருப்பட்டி எல்லார் அடுப்படியிலும் இருக்கிறது.

ஆள் திரட்ட அவரவர் மேடையிலிருந்து அவரவரே பேசட்டும். போப் பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலைப் பங்குத்தந்தைக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஞாயிறு மறையுரையில் அதைக் கால்வாயோடு சேர்த்துச் சொல்லும்படி கேட்டால் போதும். அதே 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் முஸ்லிம் அறிஞர்கள் பருவநிலை பற்றி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். அது தெரியாத ஊரிலும், நட்ட மரத்திலிருந்து பறவை தின்றாலும் அது நட்டவருக்குத் தர்மம் என்ற நபிமொழி வெள்ளிக்கிழமை பயானில் உடனே புரியும். தலவிருட்சமும் நந்தவனமும் தெப்பக்குளமும் உள்ள கோயிலுக்கு இதில் புதிதாக எதையும் யாரும் போதிக்க வேண்டாம்.

அடுத்து விழாக் குப்பை. பனையைவிடப் பலமடங்கு பயன் தருவதும் பலமடங்கு தலைவலி தருவதும் இதுவே. அன்னதானம், கந்தூரி, அசனப் பண்டிகை எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் டம்ளரும் தெர்மகோல் தட்டும் மலையாகக் குவிகின்றன. இவற்றையெல்லாம் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்திருக்கிறது என்பது சாப்பிடுகிறவருக்கும் தெரியும், போடுகிறவருக்கும் தெரியும். மாற்று கையில் இல்லாததால் தொடர்கிறது. எல்லா விழாவுக்கும் பொதுவாக ஒரு பாத்திரக் கிட்டங்கி வைத்தால் என்ன என்று பேச்செடுத்துப் பாருங்கள். பேச்சு இப்படித்தான் போகும்:

“தப்பா நெனச்சுக்காதீங்க பாய். கறி போட்ட தட்டுல அன்னதானம் போட எங்க ஆளுக ஒத்துக்க மாட்டாங்க.”

“இதுல தப்பா நெனைக்க என்ன இருக்கு அண்ணாச்சி? சாப்பாட்டுக்கு இலை போட்டுருவோம். டம்ளர மட்டும் பொதுவா வச்சுக்குவோம். தண்ணிக்கு என்ன சைவம், அசைவம்?”

இந்த வாக்குவாதத்தைத் தவிர்க்க நினைக்காதீர்கள். கூட்டத்தில் முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட ஒரு சங்கடம், வெளியே போய்ப் பேசப்படும் பத்து முணுமுணுப்பைத் தடுக்கும். 500 எவர்சில்வர் டம்ளர், குழாய் வைத்த நான்கு பெரிய டிரம், கழுவும் தொட்டி, ஒரு நோட்டு: கிட்டங்கி தொடங்க இவ்வளவு போதும். தட்டுக்கு வாழையிலையோ மந்தாரையிலையோ இருக்கிறது. விழா முடிந்து எண்ணினால் டம்ளர் குறையும். ஒவ்வொரு விழாவிலும் குறையும். எந்த விழாவில் எத்தனை குறைந்தது என்று கூட்டத்தில் வாசிக்காமல், ஆண்டுக்கொருமுறை பொதுவில் வாங்கி நிரப்பிவிடுங்கள்.

ஒரு விதியை எழுதியே வைக்கலாம்: அவரவர் வீட்டுக் குப்பையை அவரவர்தான் பேச வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார் கூடாது என்று மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் திருத்திய விதிகளில் சொல்லியிருக்கிறது. இந்த விதியை எடுத்துச் சொல்ல வேண்டியவர் விழாக் கமிட்டி இளைஞர்களில் ஒருவர். பக்கத்துத் தெரு பாய் சொன்னால் விதி சரியாக இருந்தாலும் சண்டை வரும். அதேபோல் பக்ரீத் அன்று தோலும் குடலும் சாக்கடைக்குப் போகாமல் பார்ப்பது ஜமாஅத்தின் வேலை. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் சாலையோரம் வீசும் தண்ணீர்ப் பாக்கெட்டைப் பற்றி முதலில் வாய்திறக்க வேண்டியது பங்குப் பேரவை.

முகாமுக்குப் போகுமுன்

அகதிகளுக்கு உதவ நினைக்கும் குழுக்கள் பெரும்பாலும் ஒரு வேனில் பழைய துணியும் அரிசியும் ஏற்றிக்கொண்டு, முன்னால் பேனர் கட்டிப் போகின்றன. இலங்கைத் தமிழர் முகாம்களில் நாற்பது ஆண்டுகளாகப் பழைய துணி வந்துகொண்டிருக்கிறது.

அடிப்படை விவரம் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று நாட்டில் தனிச்சட்டமும் கிடையாது. 1983 கறுப்பு ஜூலைக்குப் பிறகு அலை அலையாக வந்த இலங்கைத் தமிழர்களில், 2021 ஆகஸ்டில் அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். காவல்நிலையத்தில் பதிவு செய்து வெளியே வசித்தவர்கள் 34,087 பேர். அப்போதுதான் முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்ற பெயர் வந்தது. 7,469 வீடுகளைக் கட்டித்தரும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. 2025 செப்டம்பரில் நடுவண் அரசு வெளியிட்ட ஓர் ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. குடியுரிமை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

முகாமுக்குள் வெளியார் நினைத்தபடி போக முடியாது. மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்குங்கள், முகாமுக்குப் பொறுப்பான வருவாய் அலுவலரைப் பாருங்கள், முகாம் தலைவரிடம் பேசுங்கள். முதல் முறை இரண்டு மூன்று பேர் மட்டும் போங்கள். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். கையில் எதுவும் கொண்டுபோகாதீர்கள். என்ன வேண்டும் என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்டால், வயதான ஒரு அம்மாவிடமிருந்து இப்படிப் பதில் வரலாம்: “உடுப்பு காணும் தம்பி, கிடக்குது. பேத்திக்குக் காலேஜ் ஃபோம் நிரப்பித்தர ஒரு ஆள் இருந்தா நல்லம்.”

அந்த ஆள்தான் உங்கள் குழு. முகாம் ஆண்களில் நிறையப் பேர் பெயிண்ட் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் படிக்கிறார்கள், பட்டம் வாங்குகிறார்கள், பிறகு அரசு வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும் குடியுரிமைச் சான்று கேட்கப்படும்போது மீண்டும் பெயிண்ட் டப்பாவுக்கே வருகிறார்கள். ஆகவே செய்ய வேண்டியது காகித வேலை. யாரிடம் என்ன பிறப்புச் சான்று இருக்கிறது என்று, அவர்கள் விரும்பினால் மட்டும், குடும்பத்துக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். 1950 ஜனவரி 26-இலிருந்து 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1983-க்குப் பின் வந்த குடும்பங்களில் இப்படிப் பிறந்தவர்கள் சிலராவது இருப்பார்கள். திரும்பிப் போக நினைப்பவர்களுக்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளைகளின் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். 1984 முதல் முகாம்களில் வேலை செய்யும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தாருக்கு இந்த வழியெல்லாம் அத்துப்படி. வக்கீலுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இலவச உதவி எண் 15100. சட்டம் தெரியாத தொண்டர் யாரும் “கட்டாயம் கிடைத்துவிடும்” என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. நாற்பது வருடம் வாக்குறுதி கேட்டவர்கள் அவர்கள்.

முகாமுக்குள்ளேயே முருகன் கோயிலும் மாதா கெபியும் ஜெபக்கூடமும் அருகருகே இருக்கும். உங்களைவிட அவர்களுக்குப் பல சமயத்தாரோடு வாழ்ந்த பழக்கம் அதிகம். அவர்களில் இருவரைக் குழுவில் உறுப்பினராக்குங்கள். கால்வாய் வெட்டவும் பனை விதைக்கவும் அவர்களும் வரட்டும். உதவி வாங்குகிறவர், உதவி செய்கிறவர் என்ற பிரிவு மண்வெட்டியைக் கையில் எடுக்கும்போதுதான் கொஞ்சமாவது உடையும். அகதிப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் நடத்துவதாக இருந்தால் ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்தே நடத்துங்கள்.

இரண்டு தடைகளைக் கறாராக வையுங்கள். உதவிப் பொருளோடு எந்தச் சமயத்தின் துண்டுப்பிரசுரமும் போகக் கூடாது. பிள்ளைகள் பொருள் வாங்கும்போது படம் எடுக்கக் கூடாது.

ஈழத்தமிழரை ஏற்பது நமக்குக் கஷ்டமில்லை. மொழியும் சாமியும் சொந்தமும் ஒன்று. சென்னையை அடுத்த கேளம்பாக்கத்தில் மியான்மரிலிருந்து வந்த ரோஹிங்கியா குடும்பங்கள் இருக்கின்றன. தமிழ் அவர்கள் மொழி இல்லை, நமக்கு உறவும் இல்லை. உங்கள் குழு சமயம் கடந்ததுதானா என்று பார்க்க வேண்டுமானால், கோயில் தரப்பிலிருந்தும் சபைத் தரப்பிலிருந்தும் எத்தனை பேர் அங்கே வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஜமாஅத் மட்டுமே போனால் அது நல்ல காரியம், ஆனால் குழுவின் காரியம் ஆகாது.

பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் ஆண்டில் பொருளாக மட்டும் வாங்குங்கள்: டம்ளர், நோட்டு, ஜே.சி.பி. வாடகைக்கு டீசல். பணம் சேர்ந்தால் வெவ்வேறு சமயத்தார் இருவர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்று கணக்கு வையுங்கள். மாதாமாதம் வரவு செலவை டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள். வெளிநாட்டுப் பணத்தில் கவனம் தேவை. துபாயில் இந்தியக் கடவுச்சீட்டோடு வேலை பார்க்கும் தம்பி வங்கி வழியே அனுப்புவதில் பிரச்சினை இல்லை. கனடாவிலோ லண்டனிலோ குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர் அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும். பதிவில்லாமல் வாங்கினால் வழக்கு. நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள், நன்றி சொல்லித் திருப்பிவிடுங்கள்.

வதந்தி வரும் இரவு

1982 மார்ச் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டில், மாசிக் கொடை நேரத்தில், மூண்ட கலவரம் போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போய் உயிர்கள் பலியாயின. கரையோர மீனவக் கிறிஸ்தவரும் உள்நாட்டு இந்துக்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத நிலையில், அங்கே போய் இருதரப்போடும் பேசியவர்களில் முக்கியமானவர் குன்றக்குடி அடிகளார். திருவருட் பேரவை என்ற பல்சமய அமைப்பு அந்த ஆண்டில்தான் உருவானது. காவி கட்டிய ஒருவர் பேச்சை மாற்றுச் சமயத்தார் ஏன் கேட்டார்கள்? அதற்கு முன்பே அவர் குன்றக்குடியில் கிராமத் திட்டம் என்று ஊர் மக்களின் தொழிலுக்கும் பிழைப்புக்கும் வேலை செய்திருந்தார். வேலை செய்த கைக்குக் கிடைக்கும் மரியாதை வெறும் வாய்க்குக் கிடைக்காது என்பது என் கணிப்பு.

இப்போது கலவரம் தெருவுக்கு வருமுன் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இலங்கை நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் ஒரே வாரத்தில் துரத்தப்பட்டார்கள். அவர்களில் அஹமதியாக்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அவர்களே மதவெறிக்குத் தப்பி ஓடிவந்தவர்கள். அதை விசாரிக்கவோ சொல்லவோ தெருவில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. பள்ளிவாசலிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் போய் ஒண்டினார்கள். உங்கள் ஊரில் முகாம் இருந்தால், பதற்றமான நாளில் முதலில் பாதுகாப்புத் தேவைப்படும் இடம் அதுவாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

செய்ய வேண்டியது இது. தெருவுக்கு இருவர் பெயரும் எண்ணும் ஒரு தாளில் எழுதியிருக்க வேண்டும். போன் செத்தாலும் தாள் இருக்கும். செய்தி ஏதாவது வந்தால், சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் இடத்துக்கு இரண்டு சமயத்தைச் சேர்ந்த இருவர் ஒரே பைக்கில் போய்ப் பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்துச் சொன்னால் அவர் தெரு மட்டும்தான் நம்பும். பார்த்ததை இருவரும் சேர்ந்து ஒரே குரல்பதிவாக அனுப்புங்கள். “இது பொய்” என்று சொல்வதற்காகக்கூட அந்த வதந்தி வீடியோவை மறுபடி அனுப்பாதீர்கள். சமயங்களுக்கிடையே பகைமூட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 196-ஆம் பிரிவின்படி குற்றம். மிரட்டுவதற்காக இதை எடுக்காமல், உங்கள் வாட்ஸப் குழுவின் அட்மின்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். நாமே தீர்த்துக்கொள்ளலாம் என்ற பெருமிதம் அன்று இரவு வேண்டாம்.

ஊர்வலங்களுக்கு ஒரு மாதம் முன்பே வேலை இருக்கிறது. அந்த வாரத்துத் தொழுகை நேரங்களைத் தாளில் எழுதி ஊர்வலக் கமிட்டியிடம் கொடுங்கள். எந்த நேரத்தில் எந்தத் தெருவில் மேளம் நிற்கும் என்று பேசி முடியுங்கள். சந்தனக்கூடுக்கும் தேர்பவனிக்கும் இதே முறைதான். ஜமாஅத் மோர்ப்பந்தல் போட விரும்பினால் போடட்டும். போடவில்லை என்றால் அதை ஒரு குறையாகப் பேசாதீர்கள், அன்பைக் கட்டாயத்தில் வாங்க முடியாது. கோட்டாட்சியர் கூட்டும் அமைதிக் கூட்டத்துக்கு எல்லாத் தரப்பும் தனித்தனி வண்டியில் வருவதுதான் வழக்கம். உங்கள் குழு ஒரே வேனில் போய் இறங்கினால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால், அந்தப் பெயர்ப் பட்டியலைச் செய்யுங்கள். ஆவணி பிறந்தால் பிள்ளையார் சதுர்த்தி, வேளாங்கண்ணிக் கொடியேற்றம் என்று வரிசையாக வரும். அதற்கு முன்னால் உங்கள் தெருவிலிருந்து ஒருவரையும் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவரையும் பிடித்து, தாளை எழுதி, பள்ளிவாசலிலும் கோயிலிலும் மாதாகோவிலிலும் சபையிலும் முகாமிலும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவிடுங்கள்.